பேகனின் போர்வையும் பனியன் ஊர்க் குஞ்சும்

திருப்பூரில் பறவைக் குஞ்சு விழுவதற்கு மரம் வேண்டும் என்பதில்லை. பனியன் கம்பெனியின் எக்ஸாஸ்ட் ஃபேன் துவாரம், ரோலிங் ஷட்டரின் சுருள் பெட்டி, லைன் வீட்டு ஓட்டு இடுக்கு, தெருவிளக்குக் குழாயின் திறந்த முனை, ஏசி பெட்டியின் பின்பக்கம் என்று கூடு கட்ட இடத்துக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. மாசி பிறந்ததிலிருந்து ஆடிக் காற்று ஓயும்வரை எங்காவது ஒரு குஞ்சு தரையில் கிடக்கும். செக்கிங்கில் இருக்கும் அக்காவோ, கைமடிக்கிற பையனோ அதைக் கையில் ஏந்தி வருவார்கள். சுற்றி நிற்பவர்களிடமிருந்து நான்கு யோசனைகள் உடனே வரும். “பால் ஊத்துங்க.” “தண்ணி குடுங்க.” “மனுசன் கை பட்டுருச்சு, இனித் தாய்க்குருவி சேத்துக்காதுங்க.” “நம்மளே வளத்திக்கலாமுங்க.” இவற்றில் முதல் மூன்றும் தவறு. நான்காவது பெரும்பாலும் தவறு.

இந்த நான்கையும் பறவையியல், கால்நடை மருத்துவம், சட்டம், இதே வேலையைப் பல காலம் செய்தவர்களின் அனுபவம் ஆகியவற்றோடு வைத்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரையில் கிடக்கும் குஞ்சுகளில் பெரும்பகுதிக்கு நம் வீடு தேவையில்லை. தேவைப்படும் சிறுபகுதிக்கும் நம் வீடு கடைசி வழிதான்.

கை பட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கும் என்ற நம்பிக்கையிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டில் மட்டுமல்ல, உலகம் முழுக்க இருக்கிற நம்பிக்கை இது. பறவைகளுக்கு மோப்பம் அறவே இல்லை என்று முன்பு சொல்வார்கள்; அதுவும் சரியில்லை, பல பறவைகளுக்கு மோப்ப உணர்வு உண்டு. ஆனால் மனித வாடை அடித்தது என்பதற்காகப் பசித்துக் கத்தும் குஞ்சைப் பெற்றோர் கைவிடுவதில்லை. ஆராய்ச்சியாளர்கள் உலகெங்கும் கூட்டிலிருந்து குஞ்சுகளை எடுத்து எடை பார்த்து, காலில் வளையமிட்டு, திரும்ப வைக்கிறார்கள். பெற்றோர் வந்து இரை கொடுக்கின்றன. முட்டையிட்ட புதிதில் கூட்டை ஓயாமல் தொந்தரவு செய்தால் சில பறவைகள் அதை விட்டுப் போவதுண்டு. நம்பிக்கையின் வேர் அங்கே இருக்கலாம் என்பது என் ஊகம். எப்படியிருந்தாலும், குஞ்சைக் கூட்டில் திரும்ப வைக்கலாம். வைக்கவும் வேண்டும்.

அதற்கு முன் அது ‘விழுந்த’ குஞ்சுதானா என்று பார்க்க வேண்டும். உடம்பில் இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, வாயோரம் மஞ்சளாகத் தத்தித் தத்திப் போகும் குஞ்சு விழவில்லை, வெளியே வந்திருக்கிறது. மைனா, தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, காகம் எல்லாமே நன்றாகப் பறக்கத் தெரிவதற்கு முன்பே கூட்டை விட்டு இறங்கிவிடும். கொண்டைக்குருவிக் குஞ்சு ஏறத்தாழ இரண்டு வார வயதிலேயே வெளியே வந்துவிடுகிறது. அடுத்த சில நாட்கள் புதரிலும் தரையிலும் உட்கார்ந்து கத்தும். பெற்றோர் சத்தம் கேட்டு வந்து ஊட்டும். ஆந்தைக் குஞ்சுகளும் பறக்கும் முன்பே கிளைகளில் ஏறி இறங்கிப் பழகும். இந்தப் பருவத்தில் ஒரு மனிதர் வந்து தூக்கிப்போவதற்கு நாம் வைக்கும் பெயர் மீட்பு. பெற்றோர் பறவைக்கு அது பிள்ளை பிடிப்பு. காகக் குஞ்சைத் தூக்க முயன்று தலையில் கொத்து வாங்கியவர்களிடம் கேட்டால் தெரியும்.

தரையில் பிறந்து தரையிலேயே ஓடும் குஞ்சுகள் வேறு ஒரு வகை. ஆள்காட்டி, கௌதாரி, காடை, கம்புள்கோழி, மயில் ஆகியவற்றின் குஞ்சுகள் முட்டையிலிருந்து வந்த சில மணி நேரத்தில் கோழிக்குஞ்சு மாதிரி நடக்கும். ஆள்காட்டி கூழாங்கல் பரப்பில் முட்டையிடும். கட்டடத்தின் மொட்டை மாடியில்கூட இட்டிருக்கிறது. ஆபத்து என்று தாய் குரல் கொடுத்தால் குஞ்சு அசையாமல் ஒட்டிப் படுத்துவிடும். பல்லடம், அவிநாசி பக்கத்து மனையிடங்களில் அப்படிப் படுத்திருப்பதை ‘அனாதைக் குஞ்சு’ என்று எடுத்து வருவது வழக்கமான பிழை. தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றுவது அதன் தாய்.

நாய், பூனை, லாரி நடமாடும் இடமாக இருந்தால் என்ன செய்வது? இது நியாயமான கேள்வி. வெளிநாட்டுக் கையேடுகள் ‘பக்கத்துப் புதரில் வையுங்கள்’ என்று சுலபமாக எழுதிவிடுகின்றன. நம் கம்பெனி வளாகங்களில் புதருக்கு எங்கே போவது? வாசலிலிருந்து காம்பவுண்டு சுவர்வரை சிமென்ட். மிச்ச இடத்தில் டூவீலர் ஸ்டாண்ட். ஆகவே வேப்பங்கிளை, ஜன்னல் சன்ஷேடு, தொட்டிச்செடி, மதில்மேல் நிழல் என எட்டாத உயரம் எது கிடைத்தாலும் போதும். சில அடி தள்ளிப்போனதால் பெற்றோர் குஞ்சைத் தொலைத்துவிடாது. வைத்துவிட்டு மனிதர்கள் நகர வேண்டும். பத்துப் பேர் செல்ஃபோனோடு சுற்றி நின்றால் எந்தப் பறவையும் இறங்காது. மறைந்து நின்று ஓரிரு மணி நேரம் பார்த்தாலே பெற்றோர் வருகிறதா என்பது தெரிந்துவிடும்.

இறகு முளைக்காத குஞ்சுதான் உண்மையில் விழுந்தது. கூடு இருந்தால் அதில் வைப்பது, கூடு சிதைந்திருந்தால் அதே இடத்தில் மாற்றுக் கூடு கட்டுவது, இரண்டும் முடியாவிட்டால்தான் அடுத்த யோசனை. சிட்டுக்குருவிக்கும் மைனாவுக்கும் ஓட்டையிட்ட அட்டைப்பெட்டி போதும். கிண்ணக் கூடு கட்டும் பறவைகளுக்கு அடியில் நாலைந்து துளையிட்ட சிறு கூடையோ கொட்டாங்குச்சியோ ஆகும். உள்ளே காய்ந்த புல். பழைய இடத்துக்கு முடிந்தவரை அருகில் கட்ட வேண்டும். கூடு இருக்கும் இடத்தையே காப்பாற்ற முடிந்தால் அதைவிடச் சிறந்த மீட்பு இல்லை. 2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்குச் சுவிட்சுப் பெட்டிக்குள் சிறு பறவை ஒன்று முட்டையிட்டது. குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் ஊர் தெருவிளக்கே போடாமல் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் குஞ்சை வளர்க்கவில்லை, வளரவிட்டார்கள்.

இனி வீட்டுக்கு வந்தே தீர வேண்டிய குஞ்சு. பூனை வாய்ப்பட்டது, காலோ இறக்கையோ ஒடிந்தது, எறும்பு மொய்த்தது, பெற்றோர் செத்துப்போனது தெரிந்தது ஆகியவை இந்தக் கணக்கில் வரும். பூனை கடித்ததற்கு வெளியே காயம் தெரியாவிட்டாலும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பூனை வாய்க் கிருமி உள்ளே போனால் ஓரிரு நாளில் குஞ்சு செத்துவிடும்.

எல்லோரும் முதலில் தேடுவது தீனியை. முதலில் வேண்டியது சூடு. பறவையின் உடல்வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும்; இறகில்லாத குஞ்சால் அதைத் தானே காத்துக்கொள்ள முடியாது. அதைச் சுற்றி 32 முதல் 35 டிகிரி இருக்க வேண்டும். குளிர்ந்து போன குஞ்சின் குடல் இயங்காது, ஊட்டியது செரிக்காமல் தங்கிவிடும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வைத்தால் போதுமானது. மறுபக்கம் சூடில்லாமல் இருக்கட்டும். வேண்டாதபோது குஞ்சு நகர்ந்துகொள்ளும். நம் ஊரில் இதற்கு நேரெதிர்ச் சிக்கலும் உண்டு. சித்திரை வெயிலில் தகர ஷெட்டின் கீழே வெப்பம் 40ஐத் தாண்டும்போது சூடேற்றவே கூடாது, குஞ்சு வாயைப் பிளந்து மூச்சிரைக்கும். கூடு அடுப்பாக மாறினால் குஞ்சுகள் வெளியே குதிப்பதும் நடக்கிறது. 2022 ஜூன் மாத வெப்ப அலையில் ஸ்பெயின் நாட்டின் செவில், கோர்டோபா நகரங்களில் கட்டடப் பொந்துகளில் இருந்த உழவாரன் குஞ்சுகள் பறக்கும் முன்பே நூற்றுக்கணக்கில் வெளியே பாய்ந்து தெருவில் விழுந்தன. அதற்கு முந்தைய மாதம் அகமதாபாத்தில் நீர் வற்றிப்போன பறவைகள் வானிலிருந்தே விழுந்து மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டிருந்தன. பங்குனி, சித்திரையில் தகரக் கூரையடியில் விழும் குருவிக்குஞ்சை இந்தக் கண்ணோடும் பார்க்க வேண்டும்.

பெட்டிக்குள் என்ன விரிப்பது? திருப்பூரில் இதைக் கேட்கவே வேண்டாம். கை நீட்டினால் பனியன் வேஸ்ட். மெத்தென்ற இன்டர்லாக் துண்டு நல்லதுதான். ஆனால் ஓவர்லாக் பிரிந்து தொங்கும் நூல், லூப் எழும்பிய டெர்ரி துணி, நூல் கழிவு உருண்டை ஆகியவை கூடவே கூடாது. குஞ்சின் விரல் நூலில் மாட்டினால் அது இழுக்க இழுக்க இறுகும். ரத்தம் போகாமல் விரல் கறுத்து, கால் போய்விடும். பாலியஸ்டர் நூல் மட்கவும் மட்காது. தாய்ப்பறவையே கூட்டில் வைத்த நூலில் குஞ்சு சிக்கிக்கொள்வது உலகெங்கும் பதிவான ஆபத்து. நூல் எங்கும் பறக்கும் ஊரில் அது கூடுதலாகவே இருக்கும். சிக்கிய நூலை இழுக்காமல் சிறு கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும்.

துணி என்றதும் பேகன் நினைவுக்கு வருகிறான். கடையெழு வள்ளல்களில் ஒருவன், பொதினி என்ற இன்றைய பழனி மலைக்குத் தலைவன். மயில் குளிரில் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையைக் கொடுத்தவன். பழனியிலிருந்து உடுமலை வழியாகத் திருப்பூர் வர அதிக நேரம் ஆகாது. கொடுத்தவன் மனத்தின் பெருமையைப் புலவர்கள் பாடினார்கள், அது சரி. மயில் போர்வையை என்ன செய்தது என்று நாம் கேட்பதில்லை. நம் வீட்டுக் குஞ்சு வளர்ப்பில் நடப்பதும் பெரும்பாலும் இதுதான். கொடுக்கிற மனம் கனிந்திருக்கிறது. கொடுப்பதோ வாங்குகிற உயிருக்குப் பொருந்தாமல் இருக்கிறது.

பால் அதற்கு முதல் சான்று. பறவை பாலூட்டி அல்ல. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் அதற்கு இல்லை. பாலும் பால் கலந்த குழந்தை மாவும் வயிற்றுப்போக்கில் முடியும். ஃபில்லரில் தண்ணீர் சொட்டுவது அதைவிட மோசம். குஞ்சு வாயைத் திறந்தால் நாக்கின் பின்னால் ஒரு சிறு துளை தெரியும். அது மூச்சுக்குழல் வாய். சொட்டும் நீர் நேராக அங்கேதான் போகும். மீட்கப்பட்ட குஞ்சுகள் சாகும் வழிகளில் நம் கையால் நுரையீரலில் தண்ணீர் ஏறுவது முக்கியமான ஒன்று. குஞ்சுக்கு வேண்டிய நீரைக் கூட்டில் இரையின் ஈரமே கொடுக்கிறது. வீட்டிலும் ஈரமான தீனியே கொடுக்கும்.

தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் தூக்கணாங்குருவியும்கூடக் குஞ்சுக்குப் புழு, பூச்சியைத்தான் ஊட்டுகின்றன. இரண்டு வாரத்தில் உடம்பு முழுவதையும் கட்டி எழுப்பச் சோற்றால் ஆகாது, புரதம் வேண்டும். வெட்டுக்கிளி, சிள்வண்டு, தலை நீக்கிய மாவுப்புழு, மழைக்குப் பின் வரும் ஈசல் நல்லவை. அவசரத்துக்கு அவித்த முட்டை, ஊறவைத்து மசித்த பூனை உலர்தீனி ஓரளவு சமாளிக்கும். ரொட்டியும் சாதமும் வயிற்றை நிரப்பும், குஞ்சை வளர்க்காது. வெறும் இறைச்சியை மட்டும் ஊட்டி வளர்த்த ஆந்தைக்கும் பருந்துக்கும் சுண்ணாம்புச்சத்துக் குறைந்து கால் எலும்பு வளைந்துவிடும்; அவை காட்டில் எலும்போடும் தோலோடும் முழு எலியையே விழுங்குபவை.

ஊட்டும் விதத்திலும் ஓர் அறிவியல் இருக்கிறது. நிகோ டின்பெர்கன் 1939இல் சக ஆய்வாளர் ஒருவருடன் பூங்குருவி இனக் குஞ்சுகளை ஆராய்ந்தார். கண் திறக்காத குஞ்சு, தாய் வந்து அமரும்போது கூடு அதிர்வதை உணர்ந்தே வாயைப் பிளக்கிறது; கண் திறந்த பிறகுதான் தாயின் தலை இருக்கும் திசை நோக்கிப் பிளக்கிறது என்று காட்டினார். வீட்டில் செய்ய வேண்டியதும் அதுவே. வாயைப் பிரிக்கப் போராட வேண்டாம், பெட்டியின் விளிம்பை மெல்லத் தட்டினால் போதும். மழுங்கிய முனையுள்ள இடுக்கியாலோ குச்சியாலோ தொண்டையின் உட்புறத்தில் தீனியை வைக்க வேண்டும். ஊட்டியதும் குஞ்சு பின்பக்கம் திரும்பி வெள்ளைப் பையாக எச்சமிட்டால் வயிறு வேலை செய்கிறது என்று பொருள்.

எத்தனை முறை ஊட்டுவது என்பதில்தான் திருப்பூர் வாழ்க்கையும் குஞ்சும் மோதுகின்றன. மிகச் சிறிய குஞ்சுக்குக் கால்மணி நேரத்துக்கு ஒருமுறை, சற்று வளர்ந்ததற்கு அரைமணிக்கு ஒருமுறை, விடிந்ததிலிருந்து அடையும்வரை ஊட்ட வேண்டும். 12 மணி நேரப் பகலில் அது 24 முதல் 48 தடவை. காட்டில் இதைத் தாயும் தந்தையும் பங்கிட்டுச் செய்கின்றன. நம் ஊரில் காலை எட்டரைக்கு கம்பெனிக்குள் போனால் ஒன்றரை ஷிஃப்ட் முடித்து இரவு எட்டரைக்குத்தான் வெளியே வர முடியும். கணவன் பவர்டேபிளில், மனைவி செக்கிங்கில், பிள்ளைகள் பள்ளியில் என்றிருக்கும் லைன் வீட்டில் குஞ்சுக்கு யார் ஊட்டுவார்? மதிய உணவு இடைவேளையில் ஓடிவந்து ஒரு வாய் கொடுப்பது பாசம்தான். குஞ்சின் கணக்கில் அது பட்டினி. வளர்க்க நினைப்பவர் இரக்கத்தைவிட முதலில் எண்ண வேண்டியது நேரத்தை. பகல் முழுக்க வீட்டில் ஆள் இல்லாதவர்கள் குஞ்சை வைத்துக்கொள்ளவே கூடாது என்பது என் திடமான கருத்து.

இனத்துக்கு இனம் முறை மாறுகிறது. எல்லாக் குஞ்சையும் ஒரே மாதிரி வளர்க்கலாம் என்பது எல்லாப் பிழைகளுக்கும் தாய். புறாக் குஞ்சு வாயைப் பிளக்காது. தன் அலகைப் பெற்றோரின் வாய்க்குள் நுழைத்து, அவற்றின் தீனிப்பையில் சுரக்கும் கெட்டியான ‘புறாப் பாலை’ உறிஞ்சும். தாயும் தந்தையும் இரண்டுமே அதைச் சுரக்கும். அதில் புரதமும் கொழுப்பும் மிகுதி. பசும்பாலுக்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு. பால்கனி பூந்தொட்டியில் புள்ளிப்புறா வைத்த குஞ்சுக்கு இடுக்கியால் ஊட்ட முயன்று அது ‘தின்னவே மாட்டேங்குது’ என்று சோர்பவர்கள் இதை அறியாதவர்கள்.

குயில் இன்னொரு குழப்பம். காகக் கூட்டில் வளர்ந்த குயில் குஞ்சைப் பின்னர் காகங்கள் விரட்டுவதும் உண்டு. வைகாசி, ஆனியில் ‘காக்கை கொத்திய காக்கைக் குஞ்சு’ என்று கொண்டுவரப்படும் கறுத்த குஞ்சைக் கூர்ந்து பாருங்கள். அது குயிலாக இருந்தால் வளர்ந்தபின் பழம் தின்பது; பப்பாளியும் வாழையும் ஏற்கும்.

எல்லாவற்றிலும் கடினம் உழவாரன். நொய்யல் ஆற்றுப் பாலங்களின் அடியிலும் பழைய கட்டட விளிம்பிலும் நாட்டு உழவாரன் கூட்டமாகக் கூடு வைக்கும். பனைமட்டையில் பனை உழவாரன். வாழ்நாளில் பெரும்பகுதி காற்றிலேயே கழிக்கும் பறவை அது. கால் மிகக் குட்டை. தரையில் விழுந்தால் எழும்பத் தடுமாறும். அடிபடாத வளர்ந்த உழவாரன் என்றால் திறந்த வெளியில் உள்ளங்கையில் வைத்து உயர்த்திப் பிடித்தால் தானே கிளம்பிவிடும். வீசி எறியக் கூடாது. குஞ்சாக இருந்தால் பூச்சி தவிர எதுவும் ஆகாது. ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் உழவாரனுக்கென்றே ஒரு மருத்துவமனை நடக்கிறது. கலப்புத் தீனியும் இறைச்சியும் ஊட்டிய குஞ்சுகளின் இறகு தரம் கெட்டு, பறக்க முடியாமல் போவதை அவர்கள் மீண்டும் மீண்டும் எச்சரிக்கிறார்கள். ‘நன்றாகத் தின்று கொழுத்திருந்தது, பறக்க மட்டும் முடியவில்லை’ என்பதற்குக் காரணம் அதுதான்.

கூகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய மில் கட்டடத்திலும் குடோனிலும் அது குஞ்சு பொரிக்கும். வெள்ளைப் பஞ்சு உடம்பும் இதய வடிவ முகமும் பார்த்துப் பயந்து அடிப்பவர்களும் உண்டு, கழுகுக் குஞ்சு என்று செய்தி பரப்புபவர்களும் உண்டு. குடோனில் நூல் பெட்டியைக் கடிக்கும் எலியைத் தின்பது அது. அதே இடத்தில் உயரத்தில் ஏற்றிவிட்டால் இரவில் பெற்றோர் வந்துவிடும்.

குஞ்சு பிழைத்தது என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு வரும் கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை: அது பறவையாகப் பிழைத்ததா? கொன்ராட் லோரன்ஸ் 1935இல் வாத்தினக் குஞ்சுகள் பிறந்ததும் முதலில் காணும் உயிரைத் தாயாகப் பதித்துக்கொள்வதை விரிவாக எழுதினார். பிறகு 1973இல் டின்பெர்கனோடும் கார்ல் வான் ஃபிரிஷோடும் நோபல் பரிசைப் பகிர்ந்தார். இந்தப் பதிவு ஏற்பட்ட பறவைக்கு மனிதனிடம் அச்சமில்லை. தன் இனத்தோடு பழகவும் தெரியாது. அமெரிக்காவில் 1982இல் 22 மட்டுமே மிஞ்சிய கலிபோர்னிய காண்டார் பிணந்தின்னிக் கழுகுகளைப் பெருக்கியபோது, குஞ்சு மனித முகத்தைப் பார்க்கக்கூடாதென்று கழுகுத் தலை வடிவக் கைப்பாவையால் ஊட்டினார்கள். நாமோ குஞ்சுக்குப் பெயர் வைத்து, தோளில் ஏற்றி, ரீல்ஸ் எடுக்கிறோம். கூப்பிட்டால் தோளில் வந்து அமரும் மைனா அடுத்த தெருவில் முன்பின் தெரியாதவர் தோளிலும் அமரும். நாய்க்கும் பூனைக்கும் அஞ்சவும் செய்யாது. ஊட்டும்போது பேசாமல், கொஞ்சாமல், முடிந்தால் அதே இனத்தின் இன்னொரு குஞ்சோடு சேர்த்து வளர்ப்பதே அதற்குச் செய்யும் நன்மை. தானே இரை பொறுக்கத் தெரிந்தபின், அதே இனம் வாழும் இடத்தில், காலை வேளையில் கூண்டைத் திறந்து விட்டு, சில நாட்கள் தீனியைத் தொடர்ந்து வைக்க வேண்டும்.

சட்டம் இந்தப் பாசத்தை எப்படிப் பார்க்கிறது? 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முட்டையை எடுப்பதும் கூட்டைக் குலைப்பதும்கூட வேட்டைக்குள் அடங்கும். காட்டுயிர் அரசின் சொத்து; அது யார் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறை அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 39ஆம் பிரிவு. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த சட்டம், காகத்தையும் எலியையும் தீங்குயிர் என்று பட்டியலிட்டிருந்த பழைய அட்டவணையையே நீக்கிவிட்டது. ‘பச்சைக்கிளிதானே’ என்று கூண்டில் வைத்திருப்பதும் குற்றமே. 2023 பிப்ரவரியில் சென்னையில் ஒரு திரைப்பட நடிகர் வீட்டில் இரண்டு பெரிய பச்சைக்கிளிகள் வைத்திருந்ததற்கு வனத்துறை இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. பிரிட்டனின் 1981ஆம் ஆண்டுச் சட்டம், அடிபட்ட பறவையைக் குணப்படுத்தி விடுவதற்காக மட்டும் பொதுமக்கள் எடுத்துப் பராமரிக்கலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நம் சட்டத்திலும் அத்தகைய தெளிவு வந்தால் நல்லது. இல்லாததால் நல்லெண்ணக்காரர்கள் பயந்து மறைக்கிறார்கள், மறைத்ததால் குஞ்சு வீட்டுப் பறவையாகிவிடுகிறது.

உத்தரப் பிரதேசம் அமேதியில் 2022இல் அடிபட்டுக் கிடந்த சாரஸ் கொக்கைத் தேற்றிய முகமது ஆரிஃப் என்பவரின் கதையை நாடே பார்த்தது. பறவை அவர் பைக்கின் பின்னாலேயே பறந்தது. 2023 மார்ச்சில் வனத்துறை அதைப் பிரித்து எடுத்துப்போனது, வழக்கும் போட்டது; பறவை கடைசியில் கான்பூர் உயிரியல் பூங்காவுக்குப் போனது. ஆரிஃபைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தேறியவுடன் துறைக்குத் தெரிவித்திருந்தால் அந்தக் கொக்கு கூண்டுக்குப் போயிருக்க வேண்டியதில்லை என்றும் தோன்றுகிறது.

நம் பக்கத்தில் இந்தக் கேள்வி கூர்மையாக எழுவது மயிலால். தேசியப் பறவை, முதல் அட்டவணை உயிர். பல்லடம், தாராபுரம், காங்கயம் தோட்டங்களில் கோழியைப்போல் மேய்கிறது. சோளக்காட்டில் அறுவடையின்போது கிடைத்த மயில் முட்டையை வீட்டுக் கோழிக்கு அடைவைத்துப் பொரிக்கவிடுவது ‘காப்பாற்றியது’ ஆகாது. முட்டையைச் சுற்றிக் கொஞ்சம் பயிரை வெட்டாமல் விட்டுவிட்டு நகர்ந்தால் தாய் திரும்பி வர வாய்ப்பிருக்கிறது.

சரி, ஒப்படைப்பது யாரிடம்? தமிழ்நாட்டில் இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த முன்மாதிரி திருநெல்வேலி மாவட்டக் கூந்தன்குளம். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர். வீட்டு முற்றத்து மரங்களில்கூட மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு வைக்கும். பறவைக்காக அங்கே பட்டாசு வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்து மீண்டும் நீர்நிலைக்கு அனுப்புவதைப் பால்பாண்டி என்ற பறவைக் காவலரும் அவர் மனைவியும் வாழ்க்கையாகவே செய்தார்கள். விழுந்த குஞ்சுகளுக்கென்று அங்கே தனி அடைப்பும் உண்டு. அந்த முயற்சி வென்றதற்குக் காரணம் எளிது: வளர்த்த இடத்திலேயே அந்த இனத்தின் நூற்றுக்கணக்கான பறவைகள் இருந்தன, வளர்த்தவர் பகல் முழுக்க அங்கேயே இருந்தார், இரையும் அந்தப் பறவையின் இரையாகவே இருந்தது. லைன் வீட்டில் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை.

டெல்லியில் செங்கோட்டைக்கு எதிரே சமணர்கள் நடத்தும் தரும பறவை மருத்துவமனை பல பத்தாண்டுகள் பழமையானது. ஊன் உண்ணும் பறவை என்பதால் ஒரு கரும்பருந்தை அங்கே ஏற்கவில்லை. அதன்பிறகு நதீம், சவூத் என்ற சகோதரர்கள் தங்கள் வீட்டு அடித்தளத்திலேயே பருந்துகளுக்கு வைத்தியம் தொடங்கினார்கள். ஷௌனக் சென் இயக்கி 2022இல் வெளியான ‘ஆல் தட் பிரீத்ஸ்’ ஆவணப்படம் அவர்களைப் பற்றியதுதான். வீட்டிலும் செய்யலாம் என்பதற்கு அவர்களே சான்று. பல ஆண்டு படிப்பும் பயிற்சியும் வேண்டும் என்பதற்கும் அவர்களே சான்று.

திருப்பூருக்கு வாய்ப்பில்லாமல் இல்லை. ஊத்துக்குளி சாலைப் பக்கம் நஞ்சராயன் குளம் இருக்கிறது. சாயக் கழிவும் நகரமும் நெருக்கிய அந்தக் குளம் 2022இல் தமிழகத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயம் ஆனது; 2024 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. உள்ளூர் இயற்கை ஆர்வலர்கள் பல ஆண்டு உழைத்துப் பெற்றது அது. உடுமலைப்பேட்டையில் 2020 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் நடக்கிறது. சரணாலயத்தை ஒட்டிச் சிறு பறவை மறுவாழ்வு அறை, கல்லூரி மாணவர்களுக்கு அங்கே பயிற்சி, செலவுக்கு ஏற்றுமதி நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி என்று மூன்றையும் இணைப்பது பெரிய காரியமல்ல. ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊர் இது.

இவ்வளவு பாடும் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கும் நியாயம் உண்டு. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை மயில், குயில், காகம், மாடப்புறா ஆகியவை பெருகி வருவதாகச் சொல்கிறது. சிட்டுக்குருவியும் நாடளவில் நிலையாகத்தான் இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைவு. நம் முற்றத்தில் விழுபவை பெரும்பாலும் இவையே. காட்டிலும் சிறு பறவைக் குஞ்சுகளில் பாதிக்கு மேல் முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. ஆக, ஒரு மைனாக் குஞ்சைக் காப்பாற்றுவதால் மைனா இனம் காக்கப்படுவதில்லை. இது கருணையின் வேலை. பாதுகாப்பின் வேலை என்று சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. கருணைக்கு அந்தப் பெயர் போதும்.

பாதுகாப்பு வேறிடத்தில் இருக்கிறது. குஞ்சு விழுவதற்கு ஆடிக் காற்று ஒரு காரணம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றை நாம் நிறுத்த முடியாது. மற்றக் காரணங்கள் நம் கையில். மின்கம்பிக்குக் கீழே கிளை வெட்டுவது, கூரை மாற்றுவது, எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்வது, சுவருக்குப் பெயின்ட் அடிப்பது எல்லாம் கூடு வைக்கும் மாதங்களிலேயே நடக்கின்றன. கம்பெனி மேலாளர்களும் மின்வாரியத்தாரும் மாநகராட்சியும் தை முடிவதற்குள் இந்த வேலைகளை முடித்துவிடுங்கள். ஃபேன் துவாரத்துக்குக் கம்பிவலை அடியுங்கள். அடிக்கும் முன் உள்ளே கூடு இல்லை என்று பாருங்கள். நூல் வேஸ்ட்டைத் திறந்த மூட்டையில் வெளியே போடாதீர்கள். இதையெல்லாம் மீறி ஒரு குஞ்சு கைக்கு வந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல், துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, வனத்துறைக்கோ அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கோ அன்றே சொல்லுங்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.